கீசரா, ஹீட் பம்பா? திருப்பதி, சித்தூர் வீடுகளுக்கு எது கட்டுப்படியாகும்?

வேலை சென்னையிலோ பெங்களூரிலோ. அப்பா, அம்மா சித்தூரிலோ புத்தூரிலோ நகரியிலோ. மார்கழி பிறந்ததும் ஒரு போன் வரும்: "பழைய கீசர் டேங்க் ஒழுகுதுப்பா. கடைக்காரர் ஹீட் பம்ப்னு புதுசா ஒண்ணு காட்டுறாரு. கரண்ட் மூணுல ஒரு பங்குதான் ஆகுமாம். விலைதான் லட்சத்துக்குப் பக்கத்துல சொல்றாரு. வாங்கலாமா?"

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ஹீட் பம்ப் உண்மையிலேயே மூன்றில் ஒரு பங்கு கரண்டில் அதே தண்ணீரை அதே அளவு சூடாக்கும். கேட்க வேண்டிய கேள்வி வேறு. எதில் மூன்றில் ஒரு பங்கு? உங்கள் வீட்டில் வெந்நீருக்கு ஆகும் கரண்ட் எவ்வளவு என்று தெரியாமல் அதில் எவ்வளவு மிச்சமாகும் என்று சொல்ல முடியாது. அந்தக் கணக்கைப் போட்டால், திருப்பதியில் ஹீட் பம்ப் வாங்க வேண்டியவர்கள் யார் என்ற கேள்விக்குக் கொஞ்சம் எதிர்பாராத பதில் கிடைக்கிறது.

அதென்ன ஹீட் பம்ப்?

ஃப்ரிட்ஜின் பின்பக்கம் கை வைத்துப் பார்த்திருப்பீர்கள், சூடாக இருக்கும். உள்ளே இருக்கும் பொருளின் சூட்டை எடுத்து வெளியே தள்ளுவதுதான் ஃப்ரிட்ஜின் வேலை. ஹீட் பம்ப் அதே கருவி, வேலை மட்டும் தலைகீழ். வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை எடுத்துத் தண்ணீர் டேங்குக்குள் தள்ளும். கரண்ட் சூட்டை உருவாக்குவதில்லை, கம்ப்ரஸரை ஓட்டிச் சூட்டை இடம் மாற்ற மட்டும் செலவாகிறது. அதனால்தான் ஒரு யூனிட் கரண்டுக்கு மூன்று யூனிட் அளவுக்குச் சூடு கிடைக்கிறது. காற்று வெதுவெதுப்பாக இருந்தால் இந்த விகிதம் இன்னும் ஏறும். பனி கொட்டும் ஐரோப்பாவைவிட இந்தக் கருவிக்கு ஏற்ற ஊர் திருப்பதிதான்.

கீசரில் நடப்பது நேரடி வேலை. உள்ளே இருக்கும் காயில் சூடாகி, தண்ணீரைச் சூடாக்குகிறது. ஒரு யூனிட் கரண்ட், ஒரு யூனிட் சூடு. அதற்கு மேல் கிடைக்காது.

இதில் உள்ளூர்ச் சங்கதி ஒன்றும் உண்டு. திருப்பதி மாவட்டம் சத்தியவேடு பக்கம், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கும் ஸ்ரீ சிட்டியில் டைகின், புளூ ஸ்டார், ஹேவல்ஸின் லாயிட் என ஏசி தொழிற்சாலைகள் வரிசையாக நிற்கின்றன. 2025 மே மாதம் எல்ஜி நிறுவனம் 5,001 கோடி ரூபாய் திட்டத்துக்கு அங்கே அடிக்கல் நாட்டியது. ஏசி, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷினோடு கம்ப்ரஸரும் அதன் பட்டியலில் இருக்கிறது. ஹீட் பம்ப்புக்குத் தேவைப்படும் இதயமே கம்ப்ரஸர்தான். அறையைக் குளிரவைக்கும் கருவியை நாட்டுக்கே செய்து அனுப்பும் மாவட்டத்தில், அதே கருவியைத் திருப்பிப் போட்டுத் தண்ணீர் சுட வைப்பது பற்றிப் பேச்சே இல்லை என்பது ஒரு வேடிக்கை.

ஐந்து ஸ்டார் கீசர் வாங்கினால் போதாதா?

கடையில் முதலில் கண்ணில் படுவது ஸ்டார் லேபிள். பலர் இதை ஏசி லேபிள் மாதிரியே படிக்கிறார்கள், ஐந்து ஸ்டார் என்றால் கம்மி கரண்டில் தண்ணீர் சூடாகும் என்று. அப்படி இல்லை. ஒரு ஸ்டார், ஐந்து ஸ்டார் இரண்டிலும் காயில் ஒரே மாதிரிதான். டேங்க் கீசருக்கு எரிசக்தித் திறன் பணியகம் கொடுக்கும் ஸ்டார் ஒரே ஒரு விஷயத்தைத்தான் அளக்கிறது: சூடான தண்ணீரை யாரும் தொடாமல் 24 மணி நேரம் வைத்திருந்தால் எவ்வளவு சூடு டேங்கின் வழியாக வெளியே போகிறது என்பதை. பிளாஸ்க் நல்லதா இல்லையா என்கிற மாதிரியான சோதனை.

அதனால் காலையில் இருபது நிமிஷம் போட்டு, குளித்துவிட்டு ஸ்விட்சை அணைக்கிற வீட்டில் மூன்று ஸ்டாருக்கும் ஐந்து ஸ்டாருக்கும் பில்லில் பெரிய வித்தியாசம் தெரியாது. நாள் முழுக்க ஆனிலேயே விட்டுவிடும் இடத்தில், உதாரணமாக லாட்ஜ், ஹாஸ்டல், ஆஸ்பத்திரி, அந்த ஸ்டார் காசு ஆகும். பெரும்பாலும் அங்கே மாட்டியிருப்பது இருப்பதிலேயே மலிவான கீசர்.

ஒரு பக்கெட்டின் விலை

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 1.16 வாட்-மணி கரண்ட் வேண்டும். இது இயற்பியல், எந்தக் கம்பெனி கீசருக்கும் மாறாது. மார்கழிக் காலையில் மொட்டை மாடி டேங்க் தண்ணீர் 22 டிகிரி இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். குளிக்க இதமான சூடு 40 டிகிரி. ஒரு பக்கெட் 20 லிட்டர். 18 டிகிரி ஏற்ற ஆகும் கரண்ட் 0.42 யூனிட். நாலு பேர் வீட்டுக்கு 1.7 யூனிட், டேங்கில் வீணாகும் சூட்டையும் சேர்த்தால் 1.9. மாதம் 57 யூனிட்.

இந்த 57 யூனிட் எந்த விலைக்கு வருகிறது என்பது நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு பில், முதல் 100 யூனிட் எல்லோருக்கும் இலவசம். ஆந்திராவில் பில் மாதாமாதம், எல்லோருக்குமான அந்த இலவசம் கிடையாது. திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்ட ஏபிஎஸ்பிடிசிஎல் பகுதியில் 2022-ல் மாநில மின் ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த வீட்டுக் கட்டணப்படி 126-லிருந்து 225 யூனிட் வரை யூனிட்டுக்கு 6 ரூபாய், 226-லிருந்து 400 வரை 8.75, அதற்கு மேல் 9.75. எரிபொருள் சரிக்கட்டல் தொகை, மின்வரி எல்லாம் தனி. இந்த 8.75 படிதான் குளிர்காலத்தில் பலரைக் கடிக்கிறது. ஏசி ஓடாத மாதத்திலும் பில் குறையவில்லையே என்று யோசித்தால், காரணம் பாத்ரூம் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கலாம்.

கீசர் இல்லாமல் மாதம் 200 யூனிட் ஆகும் வீடு என்று வைப்போம். மேலே வரும் 57 யூனிட்டில் முதல் 25 யூனிட் 6 ரூபாய் படியிலும், மீதி 32 யூனிட் 8.75 படியிலும் விழும். 150 ரூபாய், 280 ரூபாய், மொத்தம் 430. ஹீட் பம்ப் இருந்தால் அதே வெந்நீருக்கு 19 யூனிட் போதும், 6 ரூபாய் படிக்குள்ளேயே முடிந்துவிடும், 114 ரூபாய். மாதம் 316 ரூபாய் மிச்சம்.

கீழ்த் திருப்பதியில் ஆரோக்கியமான ஒருவர் வெந்நீரில் குளிப்பது வருஷத்துக்கு அதிகபட்சம் ஐந்து மாதம். குப்பம், பலமநேர் பக்கம் 600 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருப்பதால் இன்னும் ஒரு மாதம் கூடும். ஐந்து மாதத்துக்கு 1,580 ரூபாய் மிச்சம். நல்ல கீசர் பத்து, பதினைந்தாயிரம். வீட்டு உபயோக ஹீட் பம்ப் லட்சம் என்று வைத்தால் வித்தியாசம் 85,000 ரூபாய். போட்ட காசு திரும்ப ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகும். அந்தக் கருவி அவ்வளவு நாள் உழைக்காது. அதே 85,000 ரூபாயை 7 சதவீத வட்டிக்கு டெபாசிட் போட்டால் வருஷத்துக்கு ஆறாயிரம் ரூபாய் கிட்ட வரும். வெந்நீர் பில் மொத்தத்தையும் அந்த வட்டியிலேயே கட்டிவிட்டு, மிச்சத்தில் குடும்பத்தோடு ஒரு நல்ல சாப்பாடு சாப்பிடலாம்.

ஆக, பக்கெட் குளியல் வீட்டுக்குக் கடைக்காரர் சொன்ன "மூன்றில் ஒரு பங்கு" உண்மையாக இருந்தும் பயன் இல்லை. பங்கு போட வேண்டிய தொகையே சின்னது.

பிறகு ஏன் உலகமே அதை வாங்குகிறது?

அமெரிக்க எரிசக்தித் துறை 2024-ல் வெளியிட்ட விதிப்படி, 2029-லிருந்து வீடுகளுக்கான வழக்கமான அளவு மின்சார டேங்க் ஹீட்டர்களில் பெரும்பாலானவை ஹீட் பம்ப்பாகத்தான் இருக்க முடியும். ஜப்பானில் 2001-ல் வந்த 'எகோகியூட்' என்ற ஹீட் பம்ப் வகை 70 லட்சத்துக்கும் மேல் விற்றிருக்கிறது. இதைப் பார்த்து நாம் பின்தங்கிவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். ஜப்பானியர் ராத்திரி ஒரு தொட்டி நிறைய வெந்நீரில் மூழ்கி உட்காருகிறார்கள். அமெரிக்க வீட்டில் ஷவர், சமையலறை, பாத்திர மெஷின், துணி மெஷின் எல்லாவற்றுக்கும் ஒரே டேங்கிலிருந்து நாள் முழுக்க வெந்நீர் போகிறது, அதுவும் குழாயில் ஐஸ் மாதிரி வரும் தண்ணீரைச் சூடாக்கி. நம் வீட்டு நாலு பக்கெட் அங்கே ஒரே ஆளின் குளியலுக்குப் போய்விடும்.

நம் ஊரிலும் குளியல் மாறிக்கொண்டுதான் இருக்கிறது. பக்கெட்டிலிருந்து ஷவருக்குப் போனாலே கணக்கு வேறு. நிமிஷத்துக்கு 8 லிட்டர் என்றால் எட்டு நிமிஷத்தில் 64 லிட்டர், மூன்று பக்கெட்டுக்கும் மேல். ஆறு பேர் கூட்டுக்குடும்பம், மூன்று பாத்ரூம், எல்லோரும் ஷவர், வயசானவர்கள் இருப்பதால் வருஷம் முழுக்க வெந்நீர், மூன்று கீசரும் ஆனிலேயே கிடக்கும் வீடு என்று எடுத்துக்கொண்டால் வருஷத்துக்கு 2,600 யூனிட் பக்கம் வெந்நீருக்கே போகும். ஒரே ஒரு 200 லிட்டர் ஹீட் பம்ப் அதை 850, 900 யூனிட்டில் முடிக்கும். 8.75 ரூபாய்ப் படியில் வருஷத்துக்கு 15,000 ரூபாய் மிச்சம். மூன்று கீசர் வாங்கும் செலவும் இல்லை. ஆறேழு வருஷத்தில் காசு திரும்பிவிடும். இப்படி ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டிருப்பவர் என்றால் தயங்காமல் யோசிக்கலாம், ஆனால் பைப் போடும் முன்பே யோசிக்க வேண்டும். கட்டி முடித்த வீட்டில் மூன்று பாத்ரூமுக்கும் மொட்டை மாடியிலிருந்து வெந்நீர் லைன் இழுக்கும் செலவு, மிச்சத்தில் பாதியைத் தின்றுவிடும்.

அந்த 85,000 ரூபாயை மொட்டை மாடியில் போட்டால்?

சொந்த வீடு இருப்பவர்களுக்கு ஹீட் பம்ப்பின் உண்மையான போட்டியாளர் கீசர் இல்லை, சூரிய மின் தகடு. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்று கிலோவாட்டும் அதற்கு மேலும் மொத்தம் 78,000 ரூபாய் மானியம். கிலோவாட்டுக்கு அறுபதாயிரம் செலவு என்று வைத்தால், மானியம் போக இரண்டு கிலோவாட் அறுபதாயிரத்தில் முடியும். அது நம் வெயிலில் ஒரு நாளைக்கு எட்டு யூனிட் தரும், மாதம் 240. வெந்நீரின் 57 யூனிட் மட்டும் இல்லை, ஃபேன், ஃப்ரிட்ஜ், டிவி செலவும் அதில் அடங்கும். முதல்வர் சந்திரபாபு நாயுடு தன் குப்பம் தொகுதியில் 2025 ஜனவரியில் நடிமூரு கிராமத்தில் இந்தத் திட்டத்தைத் தொடங்கிவைத்த பிறகு மாவட்டத்தில் இதற்கான பேச்சு கூடியிருக்கிறது. கீசரால் ஏறும் பில்லுக்கு வைத்தியம் கீசரை மாற்றுவதில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

சோலார் வாட்டர் ஹீட்டர் என்கிற பழைய வழியும் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் அதற்கான ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாக இறங்கியது. கீசருக்கும் ஹீட் பம்ப்புக்கும் 18 சதவீதம் அப்படியே நிற்கிறது. மூன்றில் ஒரு பங்கு கரண்ட் இழுக்கும் கருவியும் முழுக் கரண்ட் இழுக்கும் கருவியும் அரசின் வரிப் பட்டியலில் ஒரே தட்டில் இருப்பது சரியாகப் படவில்லை. சோலார் ஹீட்டரில் ஒரு சிக்கல், நம் பக்கத்து மழைக்காலம். வடகிழக்குப் பருவமழை நவம்பர், டிசம்பரில் வருகிறது. 2021 நவம்பரில் திருப்பதி தெருக்களில் வெள்ளம் ஓடியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வெந்நீர் அதிகம் தேவைப்படும் அதே வாரங்களில்தான் வானமும் மூடிக்கிடக்கும். மேகமோ ராத்திரியோ, ஹீட் பம்ப்புக்குக் கவலை இல்லை, காற்று இருந்தால் போதும்.

அப்படியானால் ஹீட் பம்ப் யாருக்கு?

திருப்பதி ரயில் நிலையத்துக்கு எதிரிலோ பேருந்து நிலையத்தைச் சுற்றியோ தங்கியிருந்தால் அந்தப் பலகையைப் பார்த்திருப்பீர்கள்: "வெந்நீர் காலை 5 முதல் 9 வரை மட்டும்". சுப்ரபாதத்துக்குப் போகிறவர் நடுராத்திரியில் குளிக்கிறார். மொட்டை போட்டுக்கொண்டு வருபவர் மதியம் குளிக்கிறார். தரிசனம் முடிந்து மலையிலிருந்து இறங்கும் குடும்பம் ராத்திரி பத்து மணிக்கு வெந்நீர் கேட்கிறது. குளியல் இந்த ஊரில் நாள் முழுக்க நடக்கும் காரியம், வருஷத்தின் எல்லா மாதமும். உலகத்தில் ஹீட் பம்ப்புக்கென்றே ஒரு ஊரைக் கட்டச் சொன்னால் கிட்டத்தட்ட திருப்பதி மாதிரிதான் கட்டுவார்கள்.

முப்பது அறை லாட்ஜ், தினம் 90 பேர், ஆளுக்கு 25 லிட்டர் என்று கணக்கிடுவோம். வருஷ சராசரியில் தண்ணீரை 16 டிகிரி ஏற்ற 42 யூனிட் வேண்டும். முப்பது கீசர் நாள் முழுக்க ஆனில் இருந்தால், யாரும் குளிக்காவிட்டாலும் டேங்கிலிருந்து கசியும் சூடு கீசருக்கு 0.6 யூனிட் என்றாலே 18 யூனிட். மொத்தம் 60. மாடியில் ஆயிரம் லிட்டர் டேங்கோடு ஒரு ஹீட் பம்ப் வைத்தால் குழாயில் வீணாகும் சூடு, பம்ப் ஓடும் செலவு எல்லாம் சேர்த்து 17 யூனிட்டில் முடியும். வணிகக் கட்டணம் யூனிட்டுக்குப் பத்து ரூபாயைச் சுற்றி. ஒரு நாளைக்கு 430 ரூபாய் மிச்சம். எல்லா நாளும் அறை நிரம்பாது என்று நூற்றுக்கு எழுபதாகக் குறைத்தால் 300. வருஷத்துக்கு லட்சம் ரூபாய்க்கு மேல். கருவி, டேங்க், பைப் எல்லாம் சேர்த்து நாலைந்து லட்சம் ஆனாலும் ஐந்து வருஷத்துக்குள் காசு திரும்பிவிடும். அதற்கப்புறம் வருவது லாபம்.

இன்னொரு மிச்சம் பில்லின் அடியில் ஒளிந்திருக்கிறது. இரண்டு கிலோவாட் கீசர் முப்பது என்றால் 60 கிலோவாட் சுமை. அதற்கேற்ற ஒயரிங், மீட்டர், நிலையான கட்டணம். ஹீட் பம்ப் ஐந்தாறு கிலோவாட்டில் அடங்கும். மலை மேல் திருமலையில் அன்னதான சமையலுக்கு 2002-லேயே சூரிய வெப்பத்தில் நீராவி எடுக்கும் அமைப்பை வைத்தது தேவஸ்தானம். சூட்டுக்கு மாற்று வழி தேடுவது இந்த ஊருக்குப் புதிதில்லை. லாட்ஜ்களின் பின்பக்கச் சந்துவரை அது இன்னும் இறங்கி வரவில்லை.

ஹாஸ்டல், பிஜி கதையும் இதேதான். ஐஐடி, ஐசர், எஸ்வி பல்கலைக்கழகம், ஸ்விம்ஸ் என்று மாணவர்களும் இளம் மருத்துவர்களும் நிறைந்த ஊர் இது. ஆனால் பிஜியில் கருவியை வாங்குபவர் ஓனர், கரண்ட் பில்லில் பங்கு கட்டுபவர் நீங்கள். ஓனருக்கு ஆறாயிரம் ரூபாய் கீசர் போதும், பில் அவர் பையிலிருந்து போகாதபோது ஹீட் பம்ப் எதற்கு? இதற்கு எந்த ஸ்டார் லேபிளும் பதில் சொல்லாது. வாடகையில் கரண்டும் சேர்த்து வாங்கும் ஓனரிடம் மட்டும்தான் இந்தக் கணக்கைக் காட்டிப் பேச முடியும், காட்டிப் பாருங்கள்.

காலை ஆறு மணி

வீட்டுக் கணக்கில் தெரியாத இன்னொன்று தெருக் கணக்கில் தெரியும். ஐம்பது வீட்டில் ஒரே நேரத்தில் கீசர் போட்டால் 100 கிலோவாட். பல தெருக்களில் நிற்கும் டிரான்ஸ்பார்மரின் மொத்தத் திறனே அவ்வளவுதான். குளிர்காலக் காலையில் வோல்டேஜ் இறங்கி, 20 நிமிஷத்தில் சூடாக வேண்டிய தண்ணீர் 30 நிமிஷம் எடுப்பது இதனால்தான். அந்த நேரத்தில் சூரிய மின்சாரமும் இல்லை. முத்தனூரு, கிருஷ்ணபட்டினம் அனல் நிலையங்களில் எரியும் நிலக்கரிதான் பாத்ரூமுக்கு வருகிறது. நம் நாட்டு மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு.

மதியம் பன்னிரண்டு மணிக்கு நிலைமை தலைகீழ். ராயலசீமாவில் சூரிய மின்சாரம் கொட்டிக் கிடக்கும். 2023-ல் மத்திய அரசு மாற்றிய மின் நுகர்வோர் உரிமை விதிகள், சூரிய நேரத்தில் கட்டணம் வழக்கத்தைவிடக் குறைந்தது 20 சதவீதம் மலிவாக இருக்க வேண்டும், உச்ச நேரத்தில் கூட வேண்டும் என்கின்றன. ஸ்மார்ட் மீட்டர் வந்த பிறகு வீடுகளுக்கும் என்பது திட்டம். அது நடந்தால் மதியம் சுட வைத்து ராத்திரிவரை வைத்திருக்கும் பெரிய டேங்குக்கு மதிப்பு கூடும், லாட்ஜ் முதலாளியின் ஐந்து வருஷம் இன்னும் சுருங்கும். ஜப்பானில் ராத்திரி மலிவு மின்சாரத்துக்காகச் செய்த எகோகியூட்டையே இப்போது பகல் சூரிய மின்சாரத்துக்கு மாற்றி விற்கிறார்கள்.

வாங்குவதென்றால் எதைக் கேட்க வேண்டும்?

முதலில் தண்ணீர். சித்தூர் மாவட்டத்தின் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு, சுண்ணாம்பு கலந்தது. பக்கெட் ஓரத்தில் வெள்ளையாகப் படிகிறதா என்று பாருங்கள். அதேதான் கீசர் காயில் மேலும் படியும், கரண்ட் கூடும், கடைசியில் காயில் கருகும். டேங்க் உள்ளே இருக்கும் மெக்னீசியக் கம்பி தன்னைக் கரைத்துக்கொண்டு டேங்கைத் துருவிலிருந்து காப்பாற்றுகிறது, அது தீர்ந்ததும் டேங்க் ஒழுகும். அப்பா, அம்மா வீட்டுக் கீசர் ஒழுகியதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அந்தக் கம்பியை மாற்ற சில நூறு ரூபாய்தான். யாரும் செய்வதில்லை.

ஹீட் பம்ப் என்றால், சர்வீஸ் ஆள் எந்த ஊரிலிருந்து வருவார் என்பதைக் கேளுங்கள். கேஸ் கசிந்தால் தெருமுனை எலக்ட்ரீஷியனால் சரிசெய்ய முடியாது, சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ ஆள் வரும்வரை குளிர்ந்த தண்ணீர்தான். அடுத்து, அவசரத்துக்கென்று பெரும்பாலான மாடல்களில் ஒரு சாதாரண காயிலும் வைத்திருப்பார்கள். மாட்ட வருபவர் "சீக்கிரம் சூடாகும் சார்" என்று அந்த மோடிலேயே விட்டுவிட்டுப் போனால், லட்ச ரூபாய் கொடுத்து நீங்கள் வாங்கியது கீசர்தான். சூட்டை 50 டிகிரியில் வைத்தால் வீட்டுக்குப் போதும், கூட்டக் கூட்டச் சேமிப்பு குறையும். ஆஸ்பத்திரி, ஹாஸ்டல் மாதிரிப் பெரிய டேங்குகளில் மட்டும் கிருமி வளராமல் இருக்க 60 டிகிரி தேவைப்படும். கருவி ஓடும்போது ஏசி வெளி யூனிட் மாதிரி சத்தம் வரும், கூடவே குளிர்ந்த காற்றும் வரும். அதைப் படுக்கையறைப் பக்கம் வைக்காமல் சமையலறைப் பக்கம் வைப்பவர் புத்திசாலி.

கீசர் என்றால், பெரிசு வாங்க வேண்டாம். 15 லிட்டர் டேங்க் ஒருமுறை சூடாக 17 நிமிஷம், அதில் பச்சைத் தண்ணீர் கலந்தால் ஒரு பக்கெட்டுக்கு மேல் வரும். இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்கு 25 லிட்டர் வாங்கி, குளித்தது போக மீதி வெந்நீரைச் சும்மா ஆறவிடுவது பழக்கமாகிவிட்டது. மூன்று லிட்டர் இன்ஸ்டன்ட் கீசரும் ஒரு பக்கெட்டுக்கு அதே 0.42 யூனிட்தான் எடுக்கும், நிரம்ப எட்டு நிமிஷம் ஆகும். ஆனால் அது 13 ஆம்பியர் இழுக்கும், பழைய வீட்டு ஒயர் தாங்குமா என்று பார்த்த பிறகே மாட்ட வேண்டும்.

போனில் என்ன சொல்வது?

"ஹீட் பம்ப் வேண்டாம்ப்பா, 15 லிட்டர் கீசர் போதும்." இவ்வளவு சொல்லிவிட்டு போனை வைத்துவிடாதீர்கள். புதுக் கீசர் வரும்வரை ஒரு வாரம் அம்மா எதில் வெந்நீர் போடுவார் என்று கேளுங்கள். பெரும்பாலும் பரண் மேலிருந்து இறங்கிய பழைய ஹீட்டர் ராடாக இருக்கும், பிளாஸ்டிக் பக்கெட்டில் தொங்கவிட்டு, சூடாகிவிட்டதா என்று கையை விட்டுப் பார்ப்பார்கள். கரண்ட் போய்க்கொண்டிருக்கும்போது அந்தத் தண்ணீரைத் தொடவே கூடாது. கதவு மூடிய பாத்ரூமுக்குள் கேஸ் கீசர் மாட்டச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் அதுவும் வேண்டாம். வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு மயக்கம் போட வைத்த பிறகுதான் தெரியவரும்.

மிச்சமாகும் 85,000 ரூபாயில் முதல் மூன்று, நாலாயிரத்தை எடுத்து வையுங்கள். எலக்ட்ரீஷியனை வரச்சொல்லி எர்த் கம்பி உண்மையிலேயே மண்ணுக்குள் போகிறதா என்று சோதித்து, மீட்டர் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றைப் போடச் சொல்லுங்கள். கசிவு வந்தால் கண் இமைக்கும் நேரத்தில் கரண்டை வெட்டிவிடும் கருவி அது. பழைய வீடுகள் பலவற்றில் அது இல்லை. கீசர் மாட்ட வரும் அதே நாளில் இரண்டையும் முடித்துவிடலாம்.